பெரிய கடைக்கு அப்பளம் போடுகிறோம், பாக்கி ஏறிக்கொண்டே போகிறது: தொடரலாமா?

கல்லிடை அப்பளம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளமும் வற்றலும் போட்டு விற்கிறோம். மாமியார் வீட்டு முற்றத்தில் தொடங்கிய தொழில். இப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். உளுந்து மாவை இடித்து, உருட்டி, இட்டு, உலர்த்திக் கட்டுப் போடுவது வரை எல்லாம் கைவேலை. சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தாக வேண்டும். தள்ளிப் போட்டால் அந்த வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கே சிரமம்.

சில ஆண்டுகளாக ஒரு பெரிய சங்கிலிக் கடைக்குச் சரக்குக் கொடுக்கிறோம். பெயர் வேண்டாம். பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி என்று கிளைகள் உண்டு. பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொடக்கத்தில் பில் போட்டு முப்பது நாளில் பணம் வந்துவிடும். பிறகு நாற்பத்தைந்து ஆனது. இப்போது எண்பது நாளைத் தாண்டுகிறது. நான்கு லட்சத்துக்குப் பக்கம் நிற்கிறது. போன் செய்தால், "கணக்குப் பிரிவில் கையெழுத்துக்கு நிற்கிறது, அடுத்த வாரம் பாருங்கள்" என்கிறார்கள். ஆனால் ஆர்டர் குறையவில்லை. முன்னைவிடக் கூடுதலாகவே கேட்கிறார்கள்.

"இவ்வளவு பெரிய கடை எங்கே ஓடிப்போகும், கொடுத்துக்கொண்டே இரு" என்கிறார் மாமனார். பெங்களூரில் இருக்கும் கொழுந்தனாரோ, "மந்தம் வந்தால் முதலில் சாய்வது பெரிய கடைதான், இங்கிலாந்தில் நூறு வருடக் கடையையே சில வாரங்களில் மூடிவிட்டார்கள்" என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. எங்களிடம் வேலை பார்க்கும் பெண்களில் பாதிப் பேர் அந்தக் கடையிலேயே மாதம் ஐநூறு ரூபாய் தீபாவளிச் சீட்டுக் கட்டுகிறார்கள். நான் அங்கே சரக்குக் கொடுக்கிறேன் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள். என் பணத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலை.

நன்றாக ஓடுகிற கடை உண்மையிலேயே விழுமா? வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குற்றாலச் சாரல்

விழும் அக்கா. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கைபேசியில் தட்டினால் வீட்டு வாசலுக்குச் சாமான் வருகிறது. கடைக்குப் போக யாருக்கு நேரம் இருக்கிறது? எங்கள் தென்காசியிலேயே துணிக்கடை, செருப்புக்கடைகளில் கூட்டம் பாதியாகிவிட்டது. நீங்களும் ஆன்லைனில் விற்கத் தொடங்குங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்றால் சென்னையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

சமாதானபுரத்தான்

தங்கச்சி, உங்கள் கொழுந்தனார் சொல்வது சரி. ஆனால் மந்தத்தையும் ஆன்லைனையும் மட்டும் காரணம் காட்டினால் உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் கடைகள் மந்தம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கையில் இருந்த சொத்தை விற்றுத் தின்றிருந்தன. கஷ்டகாலம் வந்தபோது தாங்க ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு இதில் இன்றும் ஆத்திரம் உண்டு, ஏனென்றால் அடிபட்டவர்களில் நானும் ஒருவன்.

மனைவிக்கு இங்கிலாந்தில் செவிலியர் வேலை கிடைத்து, பாளையங்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு போனோம். அங்கே கடைத்தெருவில் ஒரு சங்கிலிக் கடையின் பின்கட்டில் எனக்கு வேலை. லாரியில் வரும் சரக்கை இறக்கி, கணக்கெடுத்து, ரேக்கில் அடுக்க வேண்டும். 2008 கடைசியில் அந்தக் கடையை மூடினார்கள். உங்களைப் போல நானும் பெயர் சொல்லவில்லை. எங்களுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது வுல்வொர்த்ஸ். உங்கள் கொழுந்தனார் சொன்ன நூறு வருடக் கடை அதுவாகத்தான் இருக்கும். அதன் கணக்கெல்லாம் ஊரறியப் பத்திரிகைகளில் வந்தது என்பதால் தாராளமாகச் சொல்லலாம்.

1909-ல் லிவர்பூலில் முதல் கடை. மிட்டாய், விளையாட்டுச் சாமான், பாத்திரம், பள்ளிக்கூடச் சீருடை, சிடி என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆனித் திருவிழாச் சமயத்தில் பொருட்காட்சிக்குப் போக அடம்பிடிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போல அங்குள்ள பிள்ளைகள் அந்த மிட்டாய்ப் பகுதிக்கு அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு போவார்கள். அப்படி ஊரோடு ஒன்றிய கடை.

2001 வரை அது கிங்ஃபிஷர் என்ற பிரிட்டிஷ் கடைக் குழுமத்தின் கையில் இருந்தது. வுல்வொர்த்ஸைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிடும் சமயத்தில் அதன் 182 கட்டடங்களை 61.4 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். பணம் குழுமத்துக்கு. தன் சொந்தக் கட்டடத்திலேயே கடை வாடகைக்கு உட்கார்ந்தது. அந்த நாட்டில் நெடுங்கால வாடகை ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்துவார்கள்; ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. தெருவில் வியாபாரம் படுத்தாலும் வாடகை படுக்காது. அதையும் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும்: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. பல கடைகள் இந்தத் தேதிகளை ஒட்டியே விழுவதற்குக் காரணம் இதுதான். அந்த ஒரு நாளில் பெருந்தொகை ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும்.

வுல்வொர்த்ஸில் விற்பனையும் சரிந்துதான் இருந்தது, மறுக்கவில்லை. சிடி விற்பனை இணையத்துக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் போனது. ஆனால் விற்பனை சரிந்த கடை சொந்தக் கட்டடத்தில் இருந்தால் பாதியை வாடகைக்கு விட்டு, சுருங்கிப் பிழைத்துக்கொள்ளும். டவுன் ரத வீதிகளில் அப்படிப் பிழைத்த கடைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். 38.5 கோடி பவுண்டு கடனும் ஏறுமுக வாடகையுமாக இருக்கிற கடைக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

உங்களுக்கு மிகவும் வேண்டிய இடத்துக்கு இப்போது வருகிறேன். அங்கே சரக்குக் கொடுப்பவர்கள் பலர் கடன் காப்பீடு எடுத்திருப்பார்கள். கடைக்காரர் பணம் தராமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் ஈடு கட்டும். 2008-ல் வங்கிகள் ஆட்டம் கண்டதும் அந்தக் காப்பீட்டு நிறுவனங்கள், "வுல்வொர்த்ஸுக்கு அனுப்பும் சரக்குக்கு இனி நாங்கள் பொறுப்பில்லை" என்று கையை விரித்தன. அதைக் கேட்ட சரக்குக்காரர்கள் முன்பணம் கேட்டார்கள். நாள் பார்த்துச் சொன்னதுபோல, கிறிஸ்துமஸுக்குக் கடையை நிரப்ப வேண்டிய வேளை அது. 2008 நவம்பர் 26 அன்று கடை நிர்வாகிகள் கைக்குப் போனது, அதாவது கடனில் மூழ்கிய கடையைப் பொறுப்பேற்க நியமிக்கப்படுபவர்கள் கைக்கு. எம்எஃப்ஐ என்ற அறைகலன் கடை விழுந்ததும் அதே நாள்தான். 2009 ஜனவரி 6-க்குள் வுல்வொர்த்ஸின் 807 கிளைகளும் மூடப்பட்டன. 27,000 பேருக்கு வேலை போனது.

ஒன்று விழுந்தால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். வுல்வொர்த்ஸின் துணை நிறுவனம் ஒன்று மற்றக் கடைகளுக்கு சிடி, டிவிடி மொத்தமாகக் கொடுத்துவந்தது. ஸாவி என்ற இசைக்கடை அதை நம்பியிருந்தது. தாய் நிறுவனத்தோடு அதுவும் படுத்ததால் ஸாவிக்குச் சரக்கு வரத்து அறுந்தது. டிசம்பர் 24 அன்று ஸாவியும் நிர்வாகிகள் கைக்குப் போனது.

டெபனம்ஸ் கதையும் இதே அச்சு. 2003-ல் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கின, 2005-ல் 23 கடைக் கட்டடங்களை 49.5 கோடி பவுண்டுக்கு விற்று வாடகைக்கு எடுத்தன, 2006-ல் பங்குச் சந்தையில் விற்றுவிட்டு வெளியேறின. கடனும் வாடகையும் கடையோடு தங்கின. 2021 மே மாதம் கடைசிக் கிளையை மூடினார்கள். எல்லோரும் கொரோனாவைச் சொன்னார்கள்.

எங்கள் கடையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் லாரி வரும் நாட்கள் குறைந்தன. பிறகு மேலாளர் எங்களிடம், சரக்கை ரேக்கின் முன்விளிம்புக்கு இழுத்து வைக்கச் சொன்னார். நேரே நின்று பார்த்தால் ரேக் நிறைந்திருக்கும். கையை விட்டால் ஒரே வரிசை, பின்னால் வெறும் தகரம். அதுவும் போதாதபோது ஒரே சாமானை மூன்று தட்டில் பரப்பினோம். ஐந்து வகை ஷாம்பு இருந்த இடத்தில் ஒரே ஷாம்பு நீளமாக நின்றது. மற்ற நான்கு பேர் சரக்கை நிறுத்திவிட்டார்கள் என்று அதற்குப் பொருள். ஒரு நாள் ரொட்டிக்காரர் வண்டியை விட்டு இறங்கியவர், பெட்டியை இறக்காமல், முதலில் பணத்தைக் காட்டுங்கள் என்றார். மேலாளர் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பின்கட்டில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது உங்கள் கேள்வியில் நான் இரண்டாம் தரம் படித்த வரி: பணம் தாமதம், ஆனால் ஆர்டர் கூடுகிறது. அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்ற அப்பளக்காரர்கள் நிறுத்தியிருக்கலாம். கடனுக்குக் கொடுக்கிற ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். உங்கள் சரக்கை விற்ற ரொக்கத்தில் கரண்டு பில்லும் சம்பளமும் போகலாம். அப்படியானால் வட்டியில்லாமல் அந்தக் கடையை நடத்திக்கொண்டிருப்பது உங்கள் முற்றத்தில் அப்பளம் இடுகிற பெண்கள்தான். இதை எழுதும்போதே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பாளையங்கோட்டைக் கிளைக்கு ஒரு நடை போய், நான் சொன்னபடி முதல் வரிசைக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். பருப்பு, எண்ணெய், சோப்பு, பற்பசை, அதாவது தினம் விற்கிற சாமானில் பாருங்கள். அங்கே ஓட்டை தெரிந்தால் மேலாளர் சொல்லும் எந்தச் சமாதானத்தையும் கேட்காதீர்கள். வாசல் காவலாளியிடமும் கல்லாவில் இருக்கும் பிள்ளைகளிடமும் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று பேச்சுவாக்கில் விசாரியுங்கள்.

தீபாவளிச் சீட்டுப் பற்றி. இங்கிலாந்தில் ஃபேர்பாக் என்ற நிறுவனம் கிறிஸ்துமஸ் சாமானுக்காக ஏழைக் குடும்பங்களிடம் மாதாமாதம் பணம் பிடித்துவந்தது. 2006 அக்டோபரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விழுந்தது. கட்டிய பணத்தைத் தனியாக வைக்காமல் தாய் நிறுவனம் தன் செலவுக்கு எடுத்திருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. பல ஆண்டுகள் போராடி, போட்டதில் பாதியளவுதான் மீட்டார்கள். ஆகவே அந்தப் பெண்கள் இதுவரை கட்டியதற்கு இப்போதே அரிசியோ எண்ணெயோ எடுக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசியில் கிடைக்கும் ஊக்கத்தொகை போனால் போகட்டும்.

குரோம்பேட்டை மளிகை

நாங்குநேரிப் பக்கம் பிறந்து, சின்ன வயதில் சென்னைக்கு வந்து, அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடித்து, பிறகு சொந்தக் கடை போட்டவன் நான். சமாதானபுரத்தார் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டாம், சுபிக்ஷா போதும்.

1997-ல் சென்னையில் முதல் கடை. ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, விலை குறைவு. மருந்துக்கும் தள்ளுபடி. எங்கள் தெருவில் வந்தபோது நாங்கள் நடுங்கினோம், உண்மை. ஆனால் 2008-க்குள் நாடு முழுக்க 1,600 கிளை வரை போனார்கள். கடன் வாங்கி விரித்த கடைகள். அடுத்த முதலீடு வரும், பங்கு விற்போம் என்ற கணக்கில் விரித்தது. 2008-ல் உலகம் முழுக்கப் பணம் வறண்டதும் கையில் சரக்கு வாங்கப் பணமில்லை. ரேக் காலியானால் ஆள் வரமாட்டார்கள், ஆள் வராவிட்டால் ரொக்கம் வராது. 2009 தொடக்கத்தில் அநேகமாக எல்லாக் கிளையும் மூடிவிட்டது. சம்பள பாக்கி, வாடகை பாக்கி, சரக்கு பாக்கி என்று எத்தனை பேர் அலைந்தார்கள்.

எங்கள் பழைய முதலாளி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. இரண்டாவது கடை போட வேண்டுமானால் முதல் கடையின் லாபத்தில் போடு. மொத்த வியாபாரிக்குச் சொன்ன கிழமையில் பணம் கொடு, அன்றைக்குக் கல்லாவில் இல்லையென்றால் வீட்டு நகையை வைத்தாவது கொடு. கொத்தவால் சாவடியில் ஒரு தவணை தவறினால் மறுநாள் மூட்டை இறங்காது. அந்தச் சேதி அரைநாளில் எல்லா மண்டிக்கும் போய்விடும். அந்தப் பயம் எங்களைக் காப்பாற்றியது. பெரிய கடைக்கு அந்தப் பயம் வருவதில்லை. அவர்களிடம் பாக்கி கேட்கத்தான் மற்றவர்கள் பயப்படுகிறார்கள்.

தங்கச்சி, ஒரு யோசனை. எங்களைப் போலச் சின்ன மளிகைக் கடைகள் சென்னையில் நம் ஊர்க்காரர்கள் கையில் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொருவரும் எடுப்பது கொஞ்சம்தான், ஆனால் கைமேல் காசு. ஒருவர் விழுந்தாலும் நீங்கள் விழமாட்டீர்கள். பிரண்டை அப்பளம் இருந்தால் எனக்கே அனுப்புங்கள்.

தெற்கு ரத வீதி

நெல்லை டவுனில் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவைப் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். சட்டம் உங்களுக்கு எங்கே கைகொடுக்கும், எங்கே கைகொடுக்காது என்று மட்டும் சொல்கிறேன் அம்மா.

நீங்கள் உற்பத்தியாளர். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. செய்து விற்கும் உங்களுக்கு உண்டு. பதிவுக்குப் பிறகு கொடுத்த சரக்குக்குத்தான் இது உறுதியாக நிற்கும் என்பதால் தாமதிக்க வேண்டாம். சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் பதியலாம், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைப் பார்க்கும் மாநிலத் தீர்வு மன்றத்துக்குப் போகும்.

அதைவிட வேகமாக வேலை செய்வது வருமான வரிச் சட்டம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு தொழில்களுக்குக் கெடு தாண்டி நிறுத்தி வைத்த தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். உங்கள் உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்து, அவர்களுடைய ஆடிட்டருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். மார்ச் மாதம் நெருங்கும்போது கையெழுத்து தானாக விழும்.

ஆனால் கடை திவாலாகிவிட்டால் இதெல்லாம் மெலிந்துவிடும். திவால் சட்டத்தில் கடையைக் கலைத்துப் பணம் பங்கிடும்போது முதலில் வழக்குச் செலவு, அடுத்து பிணை வைத்திருக்கும் வங்கியும் தொழிலாளரின் 24 மாத நிலுவையும், பிறகு மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளம், பிணையில்லாமல் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள், அதற்குப் பிறகு அரசு பாக்கி. சரக்குக் கொடுத்தவர் இவர்களுக்கெல்லாம் பின்னால்தான் வரிசையில் நிற்கிறார். நீங்களே திவால் வழக்குத் தொடுக்கவும் முடியாது. 2020 மார்ச் முதல் பாக்கி குறைந்தது ஒரு கோடி இருக்க வேண்டும்.

சீட்டு விஷயம். ஒரு கம்பெனி சாமானுக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் சாமானைக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். நகைக்கடைச் சீட்டெல்லாம் பதினொரு மாதமாக இருப்பது அதனால்தான். அந்த முன்பணத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சமாதானபுரத்தார் சொன்னபடி, இப்போதே சாமானாக எடுத்துவிடுவதுதான் நல்லது. சீட்டு அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்லிடை அப்பளம்

அண்ணாச்சிமார்களுக்கும் அம்மாவுக்கும் கோடி நன்றி. நேற்று பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக் கிளைக்குப் போய்வந்தேன், மாமனாரையும் கூட்டிக்கொண்டு.

துவரம்பருப்புப் பொட்டலத்தை எடுத்தேன், பின்னால் ஒன்றுமில்லை. சோப்பும் அப்படித்தான். எண்ணெயில் ஒரே கம்பெனி, அதுவும் அரை லிட்டர் மட்டும். எங்கள் அப்பளம் மட்டும் மூன்று தட்டில் நீளமாகப் பரப்பி இருந்தது. முன்பு அந்த இடத்தில் ஊறுகாய்ப் புட்டிகளும் இரண்டு வேறு அப்பளங்களும் இருக்கும். மாமனார் ஒன்றும் பேசவில்லை. கடைசித் தட்டில் இருந்த எங்கள் கட்டு ஒன்றைத் தூக்கித் தேதியைப் பார்த்துவிட்டு வைத்தார். கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன், போன மாதச் சம்பளம் பாதிதான் வந்ததாம்.

இந்த வாரச் சரக்கு அனுப்பவில்லை. பழைய பாக்கியில் பாதியாவது கொடுத்தால் புதிய சரக்கு, அதுவும் இறக்கும்போதே பணம் என்று சொல்லியிருக்கிறேன். மேலாளருக்குக் கோபம். உத்யம் பதிவு இரண்டு ஆண்டுக்கு முன்பே வங்கிக் கடனுக்காக எடுத்தது இருக்கிறது. பில்லில் மட்டும் போடாமல் இருந்தோம். பெண்கள் எல்லோரும் சேர்ந்து போய்ச் சீட்டுப் பணத்துக்கு அரிசி மூட்டையும் வெல்லமும் கேட்டிருக்கிறார்கள். ஊக்கத்தொகை கிடையாது என்றார்களாம், சரி என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு மட்டும் அரிசி இல்லை, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். முழுவதுமாக நிறுத்தினால் பழைய பாக்கியும் தராமல் போய்விடுவார்களோ?

சமாதானபுரத்தான்

அந்தப் பயத்தைக் காட்டித்தான் இத்தனை நாள் சரக்கை வாங்கியிருக்கிறார்கள். கொடுத்துக்கொண்டே இருந்தால் பாக்கி நான்கிலிருந்து ஆறாகும், வேறொன்றும் நடக்காது. பணம் தட்டுப்பாடான கடை, சரக்கை நிறுத்தியவருக்கு ஏதோ கொஞ்சம் கொடுக்கும்; நிறுத்தாதவருக்கு அடுத்த வாரம் என்று சொல்லும்.

விற்காமல் கிடக்கிற உங்கள் கட்டுகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மூன்று தட்டுச் சரக்கு என்றால் அதுவும் ஒரு தொகைதான், தேதி முடியும் முன் குரோம்பேட்டை அண்ணாச்சிக்கு அனுப்பிவிடலாம். திருப்பி வாங்கும்போது அவர்கள் முத்திரையோடு சீட்டு வாங்குங்கள். மீதி எவ்வளவு பாக்கி என்று கடை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் தீர்வு மன்றத்துக்குப் போனால் அந்த ஒரு தாள்தான் பேசும்.

அந்த இரண்டு பெண்களைத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அரிசி இல்லையென்றால் நாளைக் காலையே போய், இருக்கிற சாமானில் எதையாவது எடுத்துவிடட்டும்.

தெற்கு ரத வீதி

ஆம், பாக்கித் தாளில் தேதி இருக்கட்டும். எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக் காலவரம்பு புதிதாகத் தொடங்கும். ஆடிட்டருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் நகலை இன்று இரவு தயார் செய்து தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பில் எண்களையும் தேதிகளையும் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.